தகப்பன் சொத்தில் எந்தப் பிள்ளைக்குப் பங்கு? சட்டம் மாறும்போது கவனிக்க வேண்டியவை



சம்பளம், லீவு, சேமலாபப் பணம் பற்றி எங்களிடம் கேட்பவர்கள் நாலு பேர் முன்னால் சத்தமாகவே கேட்பார்கள். ஒரு விஷயத்தை மட்டும் எல்லாரும் போன பிறகுதான் கேட்பார்கள். "ஐயா, நாங்க ரெண்டு பேரும் எழுத்து எழுதலீங்க. அவருக்கு ஏதும் ஆயிட்டா எம்புள்ளைக்கு அந்த வீடு கெடைக்குமா?" இதுதான் அந்தக் கேள்வி. அதே கேள்வியை அடுத்த பக்கத்திலிருந்து கேட்கிறவர்களும் உண்டு. "தாலி கட்டி எழுத்தும் எழுதினவ நான். இப்ப வேற ஒருத்தி புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து பங்கு கேக்குறா. குடுக்கணுமா?"

1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டுத் திருகோணமலைப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. தோட்டத்தில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்று இருப்பவர்களும் உண்டு. புருஷன் துறைமுகத்திலோ சீனக்குடாவிலோ வேலை செய்வார். பெண்சாதி தோட்டத்தில் கொழுந்து எடுப்பார். இப்படிப் பிரிந்து வாழும்போது சில இடங்களில் இரண்டாவது குடும்பம் உண்டாகிவிடுகிறது. யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. சட்டம் என்ன சொல்லுது, அது மாறினால் யாருக்கு என்ன ஆகும், இப்போதே என்ன செய்து வைக்கலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

நமக்கு எந்தச் சட்டம்?

இலங்கையில் வாரிசுச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம்.

வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை இருக்கிறது. "நாமளும் தமிழர்தானே, நமக்கும் தேசவழமைதானே" என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை. தோட்டத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. கண்டிச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு உரியது. கண்டியில் பிறந்து கண்டியிலேயே வளர்ந்தாலும் தமிழருக்கு அது பொருந்தாது. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டு 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் உண்டு. அவர்கள் தங்கள் மார்க்கச் சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மிச்சமுள்ளவர்களுக்கு, தோட்டத் தமிழருக்கும் சேர்த்து, பொதுச் சட்டம்தான். அதன் பெயர் 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்க விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம். இதற்கு அடியில் கிடப்பது ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டம். திருகோணமலைக் கோட்டையை 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஒல்லாந்தர் போனாலும் அவர்கள் சட்டம் போகவில்லை. 1799இல் ஆங்கிலேயர் பிரகடனம் போட்டு அதையே தொடர விட்டார்கள்.

1876ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது

ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்துபோனால்:

– சட்டப்படியான பெண்சாதிக்கு (அல்லது புருஷனுக்கு) பாதி.
– மற்றப் பாதி சட்டப்படியான பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை.
– விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயின் சொத்துக்கு வாரிசு. தகப்பன் சொத்துக்கு வாரிசு இல்லை. தாயின் உறவினர் சொத்துக்கும் இல்லை.

தாய்க்கு எல்லாப் பிள்ளையும் பிள்ளைதான் என்று ஒல்லாந்தரிடமே ஒரு பழமொழி இருந்தது. நம்ம ஊரிலும் அப்படித்தானே சொல்வார்கள். சட்டமும் தாயோடு நின்றுவிட்டது. தகப்பன் பக்கம் வந்தவுடன் கதவைச் சாத்திவிட்டது.

ஒரு உதாரணம் பார்ப்போம். கதிரேசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்குத் தோட்டத்தில் எழுத்து எழுதிய பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். திருகோணமலையில் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்து ஒரு பிள்ளை. அவர் பெயரில் உறுதிக் காணி ஒன்றும் வீடும் இருக்கிறது. மரணசாசனம் எழுதாமல் கதிரேசன் இறந்துபோனார். காணியில் பாதி தோட்டத்துப் பெண்சாதிக்கு. கால் பங்கு மூத்த பிள்ளைக்கு, கால் பங்கு இளைய பிள்ளைக்கு. திருகோணமலைப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குச் சுவர் வைக்கும்போது கல் தூக்கியவர்கள் அவர்களாகவே இருந்தாலும் அப்படித்தான். வாரிசுக் கணக்கில் அந்த உழைப்புச் சேராது.

இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் சொல்வது லேசில்லை. தோட்டத்தில் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து எடுத்துப் பிள்ளை வளர்த்தவளுடைய உரிமையைச் சட்டம் காப்பாற்றுகிறது. அது சரிதான். ஆனால் பிறந்த பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லையே. பெரியவர்கள் செய்ததற்குப் பிள்ளை தண்டம் கட்டுகிறது. உலகத்தில் பல நாடுகள் இந்தச் சட்டத்தை மாற்றியதற்குக் காரணம் இதுதான்.

எழுத்து எழுதவில்லை என்றால் விவாகமே இல்லையா?

இது மிக முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள். இரண்டு விதமான ஆட்கள் "எழுத்து எழுதாதவர்கள்" என்று ஒரே பேரில் போகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

முதலாவது விதம், கோயிலிலோ வீட்டிலோ முறைப்படி தாலி கட்டி, ஊரறியப் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்து, பதிவு மட்டும் செய்யாதவர்கள். முந்திய தலைமுறையில் தோட்டங்களில் இது சர்வசாதாரணம். பதிவு என்பது விவாகத்துக்கு நல்ல சாட்சி. ஆனால் பதிவு இல்லாததாலேயே விவாகம் இல்லை என்று ஆகாது. வழக்கப்படி சடங்கு நடந்ததை நிரூபித்தால் அது செல்லுபடியான விவாகம். சடங்குக்குச் சாட்சி இல்லாமற் போனாலும் இன்னொரு வழி உண்டு. ஒரு ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள், ஊரும் அப்படியே ஏற்றுக்கொண்டது என்று நிரூபித்தால், எதிராகத் தெளிவான அத்தாட்சி வராத வரைக்கும் அவர்கள் விவாகமானவர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். 1881இல் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வழக்கில் லண்டன் பிரிவிக் கவுன்சில் இதைச் சொன்னது. 1927இலும் இன்னொரு இலங்கை வழக்கில் அதையே திரும்பச் சொன்னது.

ஆகவே இப்படிப்பட்டவர்களின் பிள்ளையைப் பார்த்து "உனக்குப் பங்கில்லை" என்று யாராவது சொன்னால் பயந்து விட்டுக்கொடுக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, படம், பூசாரி ஐயாவின் சாட்சி, வாக்காளர் இடாப்பு, தோட்டத்துப் பதிவுகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூடு இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது விதம், ஒருவருக்கு முதல் விவாகம் உயிரோடு இருக்கும்போதே நடந்த இரண்டாவது குடித்தனம். இங்கே மேலே சொன்ன அனுமானம் உதவாது. முதல் விவாகப் பதிவைக் காட்டினால் அது அங்கேயே உடைந்துவிடும். இருபது வருஷம் வாழ்ந்தாலும், தாலி கட்டியிருந்தாலும், முதல் விவாகம் இருக்கும் வரை இரண்டாவது செல்லாது. அந்தப் பிள்ளைகள் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் தகப்பன் வாரிசுகள் அல்ல.

பிறகு எழுத்து எழுதினால்?

பிள்ளை பிறந்த பிறகு தாயும் தகப்பனும் முறைப்படி விவாகம் செய்துகொண்டால், அந்தப் பிள்ளை சட்டப்படியான பிள்ளை ஆகிவிடும். முன்பு இதற்கு ஒரு விலக்கு இருந்தது. பெற்றோரில் ஒருவர் வேறொருவருக்கு விவாகமானவராக இருந்த காலத்தில் உருவான பிள்ளைக்கு இந்தச் சலுகை கிடைக்காது என்று இருந்தது. 1970ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆகவே முதல் பெண்சாதி காலமாகிவிட்டாலோ, நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்துவிட்டாலோ, இரண்டாவது குடும்பத்தோடு இருப்பவர் தாமதிக்காமல் பதிவாளரிடம் போய் எழுத்து எழுத வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் அதற்கேற்பத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும். "இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னத்துக்கு எழுத்து" என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பிள்ளைகள் நீதிமன்றப் படியில் நிற்க வேண்டி வரும்.

சான்றிதழில் தகப்பன் பேர் இருந்தால் போதாதா?

போதாது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏமாறுகிற இடம் இது என்று சொன்னாலும் தப்பில்லை.

விவாகமாகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் பதிய வேண்டுமென்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றக் கட்டளை வேண்டும். 1951ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அப்படிப் பெயர் பதிந்தால் "இவர்தான் தகப்பன்" என்பதற்கு அது அத்தாட்சி. "இவருடைய வாரிசு" என்பதற்கு அத்தாட்சி அல்ல. இந்தக் காலத்தில் இரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. அவற்றால் தகப்பன் யாரென்று நிரூபித்தாலும் பொதுச் சட்டத்தில் சொத்துக் கதவு திறக்காது.

அப்படியானால் பெயர் பதிந்து என்ன பயன்? தாபரிப்புக்குப் பயன். 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் செலவுக்குக் கொடுக்க வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆக, தகப்பன் உயிரோடு இருக்கும் வரைக்கும் பிள்ளை சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் கேட்கலாம். தகப்பன் கண்ணை மூடினால் சொத்தில் பங்கு கேட்க முடியாது. ஒரு சட்டம் 1999இல் புதுசாச்சு. மற்றது 1876இலேயே நிக்குது. இரண்டுக்கும் நடுவில் இந்தப் பிள்ளைகள்.

1991இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. பிறப்பைக் காரணம் காட்டிப் பிள்ளைகளுக்கு வேற்றுமை காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று இருக்கிறது. ஆனாலும் அதே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, முன்பே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே பழைய சட்டத்தை மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும்.

சட்டம் மாறினால் எந்தத் தேதியைப் பார்ப்பது?

"சட்டம் மாறப்போகுதாம், பிறகு பாத்துக்கலாம்" என்று காத்திருப்பவர்களுக்காக இந்தப் பகுதி.

மூன்று தேதிகள் இருக்கின்றன. பிள்ளை பிறந்த தேதி, தகப்பன் இறந்த தேதி, வழக்குப் போடுகிற தேதி. வாரிசு விஷயத்தில் சாதாரணமாக முக்கியமானது நடுவில் உள்ளது, அதாவது இறந்த தேதி. ஒருவர் மூச்சு நின்ற அந்த நிமிஷத்தில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படி சொத்து கைமாறிவிடுகிறது. பிறகு சட்டம் மாறினாலும், புதிய சட்டமே வேறு விதமாகச் சொன்னால் ஒழிய, ஏற்கனவே கைமாறிய உரிமை திரும்பி வராது. நமது நாட்டில் 1901ஆம் ஆண்டுப் பொருள்கோடல் கட்டளைச் சட்டமும் இந்தக் கொள்கையைத்தான் சொல்கிறது.

மற்ற நாடுகளில் நடந்ததைப் பாருங்கள்.

நோர்வே 1915ஆம் ஆண்டிலேயே இந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரும் சொத்துரிமையும் கொடுத்துவிட்டது.

இங்கிலாந்து 1969இல் சட்டம் போட்டு, 1970 ஜனவரி 1 முதல் தாய் தகப்பன் இரண்டு பேர் சொத்திலும் பங்கு கொடுத்தது. 1969 டிசம்பர் 31 அன்று தகப்பன் இறந்திருந்தால் பிள்ளைக்குப் பழைய சட்டம். அடுத்த நாள் இறந்திருந்தால் புதிய சட்டம். ஒரே ஒரு ராத்திரி வித்தியாசம்.

மேற்கு ஜெர்மனி 1970 ஜூலை 1 முதல் சட்டத்தை மாற்றியது. ஆனால் பிறந்த தேதியையும் இழுத்துப் போட்டது. 1949 ஜூலை 1க்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்று கோடு கிழித்தது. நாற்பது வருஷம் அப்படியே இருந்தது. 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது வேற்றுமை காட்டுவது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, 2011இல்தான் ஜெர்மனி அந்தக் கோட்டை அழித்தது. அப்போதும் 2009 மே மாத இறுதிக்குப் பிறகு நடந்த மரணங்களுக்குத்தான் புதிய சட்டம். அதற்கு முன் தகப்பனை இழந்தவர்கள் வெறுங்கையோடுதான் நின்றார்கள்.

பாடம் என்ன? சட்டம் நல்லதாக மாறினாலும் அது எல்லாருக்கும் வந்து சேராது. ஒரு தேதிக் கோடு இருக்கும். நம்ம பிள்ளை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

தமிழ்நாட்டுக் காணி

1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறிப் போன சொந்தங்கள் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அங்கே ஊர்க் காணி, வீடு என்று பங்கு கேட்கிற பிரச்சினையும் வருகிறது. பொது விதி என்னவென்றால், காணி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். இலங்கைச் சட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே பேச முடியாது.

இந்தியாவில் சட்டம் முன்னும் பின்னுமாக நடந்திருக்கிறது. பழைய இந்துச் சட்டத்தில் ஒருவர் இரண்டு, மூன்று பெண்களைக் கட்டலாம். எல்லாப் பிள்ளையும் சட்டப் பிள்ளை. அதோடு, சட்டப் புத்தகங்கள் சூத்திரர் என்று எழுதி வைத்த சாதியாரில், கட்டாமல் நிரந்தரமாகச் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்குப் பிறந்த மகனுக்கும் ஒரு பங்கு இருந்தது. சட்டப்படியான மகனை விடக் குறைந்த பங்குதான். ஆனாலும் பங்கு. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்தது. 1955இல் இந்தியா முழுவதற்கும் இந்து விவாகச் சட்டம் வந்தது. 1956இல் இந்து வாரிசுச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கு எத்தனையோ நன்மை கிடைத்தது. ஆனால் அந்தப் பழைய மகனுடைய பங்கு போய்விட்டது. "உறவு" என்றால் சட்டப்படியான உறவு என்று அந்தச் சட்டம் எழுதியது. விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாய் மட்டும்தான் உறவு. சட்டம் மாறினால் எப்போதும் முன்னேற்றம்தான் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

1976இல் ஒரு திருத்தம் வந்தது. செல்லாத விவாகத்தில் பிறந்த பிள்ளைகளும், அதாவது முதல் பெண்சாதி இருக்கும்போது கட்டிய இரண்டாவது பெண்ணின் பிள்ளைகளும், சட்டப்படியான பிள்ளைகள் என்று அது சொன்னது. திருத்தத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பெற்றோரின் சொத்தில் மட்டும்தான் உரிமை, மற்ற உறவினர் சொத்தில் இல்லை. பெற்றோரின் சொத்து என்றால் சுயமாகத் தேடியது மட்டுமா, பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரும் பங்குமா என்று பல வருஷம் வழக்கு நடந்தது. 2023 செப்டம்பர் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ரேவணசித்தப்பா வழக்கில் முடிவு சொன்னார்கள். தகப்பன் இறப்பதற்குச் சற்று முன் பாகம் பிரித்திருந்தால் அவர் கைக்கு எவ்வளவு வந்திருக்குமோ, அந்தப் பங்கில் இந்தப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. ஆனால் கூட்டுக் குடும்பத்தில் பிறப்பாலேயே பங்காளி ஆக மாட்டார்கள்.

நம்ம கதிரேசன் தமிழ்நாட்டில் வாழ்ந்து, இரண்டாவது பெண்ணை அங்கே சடங்குப்படி கட்டி, சுயமாகத் தேடிய காணியை விட்டு, தாயும் முன்பே காலமான நிலையில் இறந்தார் என்று வைப்போம். முதல் பெண்சாதிக்குக் கால், அவள் பிள்ளைகள் இருவருக்கும் தலா கால், இரண்டாவது பெண்ணின் பிள்ளைக்கும் கால். இரண்டாவது பெண்ணுக்கு ஒன்றுமில்லை. இலங்கையில் அந்தப் பிள்ளைக்குச் சைபர். அங்கே கால். கடல் ஒன்றுதான் நடுவில். ஆனால் அங்கேயும் கல்யாணச் சடங்கே இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே வழக்கு இருக்கிறவர்கள் அங்குள்ள வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டிக் கேட்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியவை

இதுவரை சொன்னதெல்லாம் ஒன்றும் எழுதி வைக்காமல் இறந்தால் நடப்பது. எழுதி வைத்தால் கதை வேறு.

1. மரணசாசனம். இலங்கைப் பொதுச் சட்டத்தில் ஒருவர் தன் சொத்தைத் தனக்கு விருப்பமான யாருக்கும் எழுதலாம். விவாகத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் எழுதலாம். நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட நிற்க வேண்டும். சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. "என் பிள்ளைகளுக்கு" என்று மட்டும் எழுத வேண்டாம். பிள்ளை என்றால் யார் என்று பிறகு வழக்கு வரும். ஒவ்வொரு பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் எல்லாம் எழுதுங்கள். அப்படி எழுதினால் சட்டம் மாறினாலும் மாறாவிட்டாலும் அது நிற்கும். இன்னொன்று, மரணசாசனம் எழுதிய பிறகு விவாகம் செய்தால் பழையது செல்லாமற் போகும். எழுத்து எழுதியதும் மரணசாசனத்தையும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

2. நன்கொடை உறுதி. காணியை இப்போதே பிள்ளை பேரில் எழுதி, சாகும்வரை இருக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம். இதை நொத்தாரிசுதான் எழுத வேண்டும். நினைத்த நேரம் திருப்பி எடுக்க முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

3. சேமலாப நிதி. ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் பின்னுரித்தாளி பெயர் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் பணம் அந்தப் பெயருக்குப் போகும். கொடுக்காவிட்டால் சட்டப்படியான வாரிசுகளைத் தேடிப் போகும். அந்தப் பட்டியலில் வெளியே பிறந்த பிள்ளை இருக்காது. பழைய படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்று காரியாலயத்தில் கேட்டுப் பாருங்கள்.

4. பேர்மிட் காணி. கந்தளாய், அல்லை மாதிரிக் குடியேற்றங்களில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணிகளுக்கு மேலே சொன்ன பங்குக் கணக்கு பொருந்தாது. அங்கே பின்னுரித்தாளியைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். முன்பு அந்த அட்டவணையில் மகன்மாருக்குத்தான் முதலிடம். 2022இல் திருத்தச் சட்டம் வந்து ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்தது. எப்படியானாலும் பெயரைப் பதிந்து வைப்பதுதான் நம்பிக்கை.

5. லயத்துக் காம்பரா. இது தோட்டத்துக்குச் சொந்தம். யாரும் வாரிசாக எடுக்க முடியாது, எழுதியும் வைக்க முடியாது. 7 பேர்ச் காணிக்கு உறுதி கிடைத்தவர்கள் அதில் யார் பெயர் இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

இவற்றைச் செய்யும்போது முதல் குடும்பத்தை நடுத்தெருவில் விடச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எது யாருக்கு என்று தகப்பன் தன் வாயால் சொல்லி எழுதி வைத்தால், அவன் போன பிறகு இரண்டு தாய்மார் நீதிமன்றத்தில் ஒருவரை ஒருவர் ஏச வேண்டி வராது.

கேள்வி – பதில்

கேள்வி: அவரோடு அந்த வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். வீடு எனக்குச் சொந்தம்தானே?
பதில்: பத்து வருஷக் கணக்கு 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சொந்தக்காரருக்கு எதிராக, அவர் உரிமையை ஏற்காமல், உங்கள் சொந்தம் போல ஆண்டிருக்க வேண்டும். அவர் அனுமதியோடு அவர் கூடவே இருந்தது அந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: என் இரண்டாவது புருஷன் என் முதல் தாரத்துப் பிள்ளையைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தார். பங்கு உண்டா?
பதில்: வளர்த்தது மட்டும் போதாது. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளையோடு தத்தெடுத்திருந்தால் சொந்தப் பிள்ளை போலப் பங்கு உண்டு. இல்லையென்றால் மரணசாசனம்தான் வழி.

கேள்வி: என் தாய் விவாகம் செய்யாதவர். அவர் காணிக்கு என் மாமா உரிமை கேட்கிறார்.
பதில்: தாயின் சொத்துக்கு நீங்கள்தான் வாரிசு. மாமா தடுக்க முடியாது. ஆனால் பாட்டி சொத்தில் தாயின் பங்கு என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். பாட்டி முதலில் இறந்து பங்கு தாய்க்கு வந்து, பிறகு தாய் இறந்தாரா? அப்படியானால் அது தாயின் சொத்து, உங்களுக்கு வரும். தாய் முதலில் இறந்துவிட்டால் பாட்டியிடமிருந்து நேரே உங்களுக்கு வராது. இரண்டு மரணச் சான்றிதழின் தேதியையும் பாருங்கள்.

கேள்வி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை.
பதில்: 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழு வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் வெறுங்கையோடுதான் வர வேண்டும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் மூன்று வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வாசியுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எங்களிடம் கொண்டுவாருங்கள். சேமலாபப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்து எழுதக்கூடிய நிலையில் இருந்தும் எழுதாதவர்கள் இந்த மாதமே பதிவாளரிடம் போங்கள். கேட்க வெட்கப்படுகிறவர்கள் தனியாக வந்து கேட்கலாம். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்.